மாரியில் திருகோணமலை: நினைத்தவுடன் வெளிக்கிடும் இருவருக்கு

டிசெம்பரிலோ ஜனவரியிலோ திருகோணமலைக்குப் போகிறோம் என்றால் கேட்கிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இப்பவா? மழையெல்லோ!" அதில் பாதி உண்மை. நிலாவெளியில் குளம்போல அடங்கிக் கிடக்கும் கடல், புறாத்தீவுக்குப் படகு, முருகைக்கற்களுக்கு மேலே மிதந்து மீன் பார்ப்பது, திமிங்கிலம் தேடிப் போவது எல்லாம் சித்திரைக்குப் பிறகு புரட்டாதி வரைக்குமான சங்கதி. வடகிழக்குக் காற்றான வாடை தொடங்கிவிட்டால் அந்தக் கடலை நம்பிப் பயணம் போட முடியாது.

மற்றப் பாதியை யாரும் சொல்வதில்லை. கோடையில் தென்மேற்குக் கச்சான் காற்று அனலாக அடிக்கும்போது பத்து மணிக்கு மேல் சைக்கிள் மிதிக்க இந்த ஊரில் ஆளில்லை. மாரியில் பகல் முழுக்க மிதிக்கலாம். குளங்கள் நிறைந்து, வயல் பச்சையாகி, களப்புகள் என்ற கடலோர உப்பங்கழிகளில் வெளிநாட்டுப் பறவைகள் வந்திறங்கியிருக்கும். விடுதிகள் காலியாகக் கிடப்பதால் முன்பதிவு என்ற கவலை பெரும்பாலும் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் யோசனை வந்து சனி விடியற்காலை வெளிக்கிடுகிற சோடிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரே ஒரு விதி. எங்கே போவது, என்ன விளையாடுவது என்பதை முதல் நாள் இரவு முடிவு செய்யாதீர்கள். காலையில் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். திருகோணமலையில் மூன்று விதத் தண்ணீர் இருக்கிறது. ஒன்று உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று வடக்கே நீளும் வெளிக்கடல். அது வாடையை நேர்முகமாக வாங்கும். இரண்டாவது உட்துறைமுகமும் கொட்டியாரக் குடாவின் மேற்குக் கரையும். அங்கே தரை காற்றை மறைக்கும். மூன்றாவது களப்புகள். வெளிக்கடல் சீறுகிற அதே காலையில் களப்பில் இலைகூட அசையாமல் இருக்கலாம். இதை விளங்கிக்கொண்டால் மாரிப் பயணம் பாதி சரி.

இந்த ஒதுக்கிடம் பழையது. 1659 நவம்பரில் சோழமண்டலக் கரையில் புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று, மரம் மாற்ற வந்து நின்றது கொட்டியாரக் குடாவில்தான். அதில் வந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற இளைஞர் மூதூர்ப் பக்கம் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 வருடம் தங்க வேண்டியதாயிற்று. நீங்கள் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர்கள், ஆகவே திட்டம் கொஞ்சம் தேவை.

வெளிக்கிடுமுன் ஒரு மணித்தியாலம்

முதல் வேலை வானிலை அறிக்கை. வளிமண்டலவியல் திணைக்களம் தமிழிலும் வெளியிடுகிறது. "மழை பெய்யக்கூடும்" என்ற வரியைப் பார்த்துக் கலங்க வேண்டாம், மாரியில் அது தினமும் இருக்கும். கடற்பரப்புகளுக்கான பகுதிக்குப் போய், காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கடலுக்கு என்ன சொல்கிறார்கள் என்று தேடுங்கள். வடகிழக்குக் காற்று மணித்தியாலத்துக்கு 30 முதல் 40 கிலோமீற்றர் என்றால் அது வழமையான மாரி. 50ஐத் தாண்டினால் தண்ணீர் விளையாட்டை மறந்துவிட்டுத் தரை விளையாட்டை யோசியுங்கள். வங்காள விரிகுடாவில் "தாழமுக்கம்" என்ற சொல்லைக் கண்டால் பயணத்தையே அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் கரையேறியது திருகோணமலைக்கு வடக்கே. தனுஷ்கோடியை அழித்த 1964 டிசெம்பர்ப் புயலும் இலங்கையின் வடக்கு கிழக்கைத் தாக்கிவிட்டுத்தான் அங்கே போனது. இந்த ஒரு விஷயத்தில் "பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு வேண்டாம்.

இரண்டாவது, வாகனம். வைப்பர் ரப்பர், ரயர்ப் பூ, முன்பின் லைட் மூன்றையும் பாருங்கள். மோட்டார் சைக்கிள் என்றால் செயினும் பிரேக்கும். சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் திகதி தாண்டாமல் இருக்கட்டும். இருவருடைய அடையாள அட்டையும் கையில் வேண்டும், விடுதியில் கட்டாயம் கேட்பார்கள்.

மூன்றாவது, பை. ஆளுக்கு இரண்டு சோடி காய்ந்த உடுப்பு, தனித்தனிப் பொலித்தீன் பையில் கட்டியது. மழைச்சட்டை மேலும் கீழும் தனித்தனியாக இருக்கிற வகை, ஏனென்றால் போர்வை மாதிரித் தொங்குகிற வகை மோட்டார் சைக்கிளில் காற்றுப் பிடித்து ஆளையே இழுக்கும். துவாய், சாரம், ரோர்ச் லைட், பவர் பேங்க், நுளம்புக்குப் பூசுகிற களிம்பு, பனடோல், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரர். சப்பாத்தோடு ஒரு சோடி பழைய ரப்பர்ச் செருப்பும். திருகோணமலையில் குளிர் என்பது வெப்பமானியில் தெரிகிற குளிர் இல்லை. 25 பாகைதான் இருக்கும். ஆனால் நனைந்த உடுப்போடு வாடைக்குள் அரை மணித்தியாலம் நின்றால் பல் கிட்டும். ஆகவே வேறெதைக் குறைத்தாலும் காய்ந்த உடுப்பைக் குறைக்காதீர்கள்.

அறை? முதல் இரவுக்கு மட்டும் தொலைபேசியில் சொல்லி வையுங்கள், மிச்சத்தை வந்து பார்த்துக்கொள்ளலாம். பௌர்ணமி விடுமுறையான போயாவை ஒட்டிய நீண்ட வார இறுதியும் ஆண்டு முடிவும் மட்டும் விதிவிலக்கு.

எந்த வீதியால் வருவது

கொழும்பிலிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஏ6 வீதி. ஏறத்தாழ 260 கிலோமீற்றர். மழையில் ஏழு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 பிடித்து வவுனியா, அங்கிருந்து ஹொரவப்பொத்தானை, அப்புறம் ஏ12. மட்டக்களப்பிலிருந்து வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா வழியாக ஏ15. மூன்றில் அழகானது இதுதான், மாரியில் நம்ப முடியாததும் இதுதான். மகாவலி பெருகினால் வெருகல், மூதூர்ப் பக்கம் தாழ்ந்த இடங்களில் வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடும். வெளிக்கிடுமுன் அந்தப் பக்கம் ஓடுகிற பஸ்காரர் யாரிடமாவது கேட்டுவிடுங்கள். வீதியைக் கடந்து ஓடுகிற தண்ணீரின் ஆழம் தெரியாவிட்டால் இறக்காதீர்கள். முன்னால் ஒரு லொறி போய்விட்டது என்பது உங்கள் காருக்கு உத்தரவாதம் இல்லை.

எந்த வழியாக வந்தாலும் இருட்ட முன் வந்து சேருங்கள். மாரியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையிலும், ஹொரவப்பொத்தானைப் பக்கத்திலும் யானை வீதிக்கு வரும். கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோன் அடிக்க வேண்டாம், லைட்டை அடித்துக் காட்ட வேண்டாம், இறங்கிப் படம் எடுக்கவே வேண்டாம். குட்டி ஒரு பக்கமும் தாய் மறு பக்கமும் நின்றால் நடுவால் புகுந்து போகிற அவசரம் உலகத்தில் எதுவும் இல்லை. பின்னுக்கு எடுத்துக் காத்திருங்கள்.

யானையைவிட அதிகம் ஆட்களை விழுத்துவது மாடு. மழை இரவில் புல் ஈரமாகிவிட, மாடுகள் சூடான தார் வீதியில் வந்து படுத்துக்கொள்ளும். கறுத்த மாடு, கறுத்த வீதி, எதிரே வருகிற லைட். மோட்டார் சைக்கிள்காரருக்கு இது போதும். பின்னால் லைட் இல்லாத லேண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரங்களும் அப்படித்தான்.

ஹபரணை தாண்டியதும் வீதியோரம் அவித்த சோளன் விற்பார்கள். கந்தளாய்ப் பக்கம் சட்டித் தயிர். இரண்டுக்கும் நிறுத்தலாம்.

முதல் பின்னேரம்

பெரும்பாலான விடுதிகள் உப்புவெளி, அலஸ் தோட்டம், நிலாவெளிப் பக்கம். கோடையில் கடலைப் பார்த்த அறைக்குத்தான் சண்டை. மாரியில் கடலுக்கு முதுகு காட்டிய அறையைக் கேளுங்கள், யன்னல் இடுக்கால் சாரல் அடிக்காது. விலை பேசலாம், பருவம் இல்லாத காலம் என்பது அவர்களுக்கும் தெரியும். பேசும்போது மூன்று கேள்வி: கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா, சுடுதண்ணி உண்டா, நுளம்பு வலை உண்டா. மாரியில் டெங்கு கூடும், ஆகவே மூன்றாவது ஆடம்பரம் இல்லை.

பையை வைத்துவிட்டுக் கோட்டைக்குப் போங்கள். பழைய கோயிலை இடித்து அந்தக் கல்லையும் சேர்த்துப் போர்த்துக்கேயர் கட்டிய பிரட்றிக் கோட்டைக்குள்ளால்தான் கோணேசர் கோயிலுக்கு வீதி. வழியில் புள்ளிமான்கள் நிற்கும். பிஸ்கட் பையைக் கண்டால் கிட்ட வரும், பொலித்தீனையும் சேர்த்து விழுங்கும், ஆகவே ஒன்றும் கொடுக்காதீர்கள். மேலே இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். கும்பிடுகிறவர்கள் கும்பிட்டுவிட்டு, நாளைய வேலையையும் இங்கேயே பார்க்கலாம். வடக்கே உப்புவெளிக் கரை முழுக்கத் தெரியும். அலை எத்தனை வரிசையாக உடைகிறது என்று எண்ணலாம். ஒரு வரிசை, இரண்டு வரிசை என்றால் கடல் அடங்குகிறது. கரையிலிருந்து வெகுதூரம் வரை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தால் நாளைக்கும் அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

இறங்கி வரும்போது டச்சுக்குடாவில் கடலை, வடை வாங்கிக்கொண்டு காற்று வாங்கலாம். அங்கே குளிப்பு வேண்டாம், இந்தக் காலத்தில் இழுவை இருக்கும்.

காலை ஆறு மணிக்கு

எழும்பியதும் தேத்தண்ணிக்கு முன் வாசலில் வந்து நில்லுங்கள். தென்னோலை சும்மா ஆடுகிறதா, ஒரே பக்கமாக வாரி விட்டதுபோல நிற்கிறதா? சும்மா ஆடினால் களப்புக்குப் போகலாம். வாரி நின்றால் சைக்கிள், அல்லது மலை. பிறகு கரைக்குப் போய்ப் படகுகளைப் பாருங்கள். பைபர்ப் படகுகளை மணலில் மிக மேலே இழுத்து, இயந்திரத்தைக் கழற்றி வைத்திருந்தால் மீனவர்களே இன்றைக்குக் கடலை நம்பவில்லை என்று பொருள். வலை தைத்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் தலை நிமிராமலே பதில் வரும்: "இண்டைக்குச் சரிவராது தம்பி. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு கன்னியாவுக்குப் போங்கோ." செயற்கைக்கோள் படத்தைவிட நான் இந்த ஆளைத்தான் நம்புவேன்.

காற்று காலையில் குறைந்து பத்து, பதினொரு மணிக்கு எழும்புவது வழக்கம். தண்ணீரில் என்ன செய்வதானாலும் ஒன்பதரைக்குள் கரையேறுங்கள்.

களப்பில் கயாக்

உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் நடுவே சாம்பல்தீவுக் களப்பு. இன்னும் வடக்கே இறக்கக்கண்டியில் பாலத்துக்கு உள்பக்கம் இன்னொன்று. இரண்டும் தொடக்கக்காரருக்கு ஏற்றவை. பக்கத்து விடுதிகளிலும் நீர் விளையாட்டுக்காரரிடமும் கயாக் வாடகைக்குக் கிடைக்கும். மாரியில் பலர் பூட்டியிருப்பார்கள், ஆகவே முதல் நாள் பின்னேரமே கதைத்து வையுங்கள். லைஃப் ஜக்கெட் தராதவரிடம் எடுக்காதீர்கள். தந்தால், அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் மற்றவருடைய தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறி வந்தால் அது உங்கள் அளவு இல்லை.

இருவர் கயாக்கில் யார் எங்கே உட்காருவது என்பது முதல் சண்டை. பாரம் கூடியவர் பின்னால், திசை திருப்புவது அவர் வேலை. முன்னால் இருப்பவர் தாளம் கொடுப்பார், பின்னால் இருப்பவர் அந்தத் தாளத்துக்குத் துடுப்புப் போட வேண்டும். முன்னாலிருப்பவருக்குப் பின்னாலிருப்பவர் தெரியாது. "நான் மட்டும்தான் வலிக்கிறேன்" என்ற முறைப்பாடு இரண்டு பக்கமும் வரும், பொருட்படுத்தாதீர்கள். ஏறும்போது முழங்கால் தண்ணீரில் ஒருவர் பிடிக்க மற்றவர் முன்னால் ஏற வேண்டும், பிடித்தவர் கடைசியாக. கால் வைத்து எழும்பி நிற்காமல், குந்தி, இருக்கையில் பின்பக்கத்தை முதலில் வைத்து, பிறகு கால்களை உள்ளே எடுங்கள்.

முதலில் காற்றுக்கு எதிராகப் போங்கள். களைத்தபிறகு காற்று உங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விடும். இதை மாற்றிச் செய்தவர்கள்தான் கயாக்கைச் சேற்றில் இழுத்துக்கொண்டு நடந்து வருகிறவர்கள். களப்புக்குள்ளேயே காற்று மணித்தியாலத்துக்கு 20 கிலோமீற்றரைத் தாண்டினால் தொடக்கக்காரருக்குக் களப்பும் வேண்டாம்.

இனி முக்கியமானது. கோடையில் களப்பின் வாய் மணல் திட்டால் மூடிக் கிடக்கும். மாரியில் வெள்ளம் நிறைந்து அது உடைத்துக்கொள்ளும். அப்போது களப்புத் தண்ணீர் முழுக்க அந்த ஒடுங்கிய வாயால் கடலுக்கு ஓடும். மேலே பார்த்தால் அமைதியாகத்தான் தெரியும், ஆனால் கிட்டப் போனால் துடுப்புக்கு அடங்காது. ஆகவே முகத்துவாரம் எந்தப் பக்கம் என்று முதலில் கேட்டு, அதற்கு எதிர்ப் பக்கம், கண்டல் மரங்களின் பக்கமே போங்கள். அழகும் அங்கேதான். துடுப்பை மடியில் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் மீன்கொத்தி கையெட்டும் தூரத்துக் கிளைக்கு வரும். சேற்றுத் திட்டில் உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்தும், மேலே ஆலாக்கள். இறால் பிடிக்கிறவர்கள் நட்ட வலைக் கம்புகளுக்கு நடுவால் மட்டும் போகாதீர்கள், அது அவர்களுடைய அன்றைய சாப்பாடு.

கவிழ்ந்தால்? கயாக்கை விடாதீர்கள். கரை கிட்டத்தானே என்று நீந்தப் புறப்படுவதுதான் தவறு. கயாக் மிதக்கும், உங்களையும் மிதக்க வைக்கும். அதைப் பிடித்துக்கொண்டு உதைத்து வாருங்கள். காலில் புண் இருந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம், மழைக்காலத் தேங்குதண்ணீரில் எலிக்காய்ச்சல் பயம் உண்டு. குளத்திலும் மகாவலியின் கிளைகளிலும் முதலை இருக்கும், அங்கே எதையும் விளையாட வேண்டாம்.

சைக்கிள்

காற்று எழும்பிய நாளுக்கு இதுதான். நகரிலிருந்து நிலாவெளி வரை வீதி தட்டை, ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வாடை வடகிழக்கிலிருந்து அடிப்பதால் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகில். இந்த ஒழுங்கு நல்லது. வழியில் உப்புவெளியில் பொதுநலவாய யுத்த மயானம். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுடையது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கின. மழை கழுவிய புல்லுக்கு நடுவே கல் வரிசைகள். பத்து நிமிடம் நிறுத்தலாம்.

கூட மிதிக்க ஆசையானால் மேற்கே கன்னியாப் பக்கம் திரும்பி, பெரியகுளத்துக்கு அருகே வெல்கம் விகாரைக்குப் போங்கள். சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி. 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்த இடம். தமிழர் விளக்கு வைத்த பௌத்தப் பள்ளி என்று கேட்டாலே பலர் புருவம் உயர்த்துவார்கள், போய்ப் பார்த்தால் இன்னும் நல்லது.

வாடகைச் சைக்கிளில் ஏறுமுன் பிரேக் கட்டையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கடல் காற்றில் இறுகிப்போன ரப்பர் மழையில் பிடிக்காது. இருவரும் அருகருகே மிதிக்காமல் முன்பின்னாக. புல்மோட்டை வீதியில் பஸ் வருகிற வேகம் உங்கள் காதல் பேச்சுக்குக் காத்திருக்காது.

மலையும் மணலும்

வடக்கே வாகனத்தில் போனால் ஒரு பகல். திரியாயில் மலைக்கு மேலே கிரிகண்டு சேய. படி ஏறினால் வட்டமாகக் கற்தூண்கள் சூழ்ந்த பழைய தூபி, அங்கிருந்து காடும் கடலும். மழையில் படி வழுக்கும், ஆகவே ரப்பர்ச் செருப்பைக் கீழேயே விட்டுவிடுங்கள். புல்மோட்டைப் பக்கம் அரிசிமலைக் கரையில் மணல் அரிசிமணிபோலப் பருத்திருக்கும். அதே புல்மோட்டையில்தான் இல்மனைற் என்ற கனிமம் எடுக்கிற கறுப்பு மணலும். பெற்றோலை நகரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

தெற்கே போவதானால் சீனக்குடா தாண்டி மாபிள் பீச். விமானப்படை நடத்துவது, கட்டணம் உண்டு. குடாவுக்கு உள்ளே ஒதுங்கியிருப்பதால் வெளிக்கடல் சீறும் நாளிலும் பெரும்பாலும் அங்கே அலை சிறியது. முதல்முறை கடலில் கால் நனைப்பவருக்கு நான் சொல்கிற இடம் அதுதான். அப்புறம் 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம், அதைக் கடந்து மூதூர். சோமாவதி விகாரைப் பக்கம் மட்டும் இந்தக் காலத்தில் கேட்காமல் போகாதீர்கள், மகாவலி அந்த வீதியை அடிக்கடி மூடிவிடும்.

கன்னியா

நாள் முழுக்க நனைந்தவர்களுக்கு இதைவிட மருந்தில்லை. நகரிலிருந்து அநுராதபுர வீதியால் ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர். ஏழு வெந்நீர்க் கிணறுகள், சதுரமாகக் கட்டியவை, ஆழம் நாலு அடிக்குள். இராவணன் தாயின் அந்தியேட்டிக் கிரியைக்காக உண்டானவை என்பது ஐதீகம். இன்றும் பெற்றோருக்குக் கடன் கழிக்க வருகிறவர்கள் உண்டு, ஆகவே கூச்சல் போட வேண்டாம். உள்ளே இறங்க முடியாது. வாளியால் அள்ளித் தலையில் ஊற்ற வேண்டும்.

ஒவ்வொரு கிணற்றிலும் சூடு வேறு. முதலில் கையை வைத்துப் பார்த்து, குறைந்த சூட்டில் தொடங்கிக் கூடியதுக்குப் போங்கள். மழை தூறிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது: தலையில் குளிர்ந்த தூறல், தோளில் சுடுதண்ணி, கல்லுக்கு மேலே ஆவி. ஒருவருக்கு ஒருவர் வாளி ஊற்றி விடலாம். பெண்கள் சட்டையோடு குளித்து மேலே சாரம் சுற்றிக்கொள்வது வசதி. சவர்க்காரம் வேண்டாம். வார இறுதியில் பதினொரு மணிக்குப் பிறகு பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்குவார்கள், ஆகவே காலையிலேயே போங்கள்.

கடலுக்குள்ளேதான் இறங்குவேன் என்றால்

ஜனவரி கடைசியில் சில நாட்கள் வாடை ஓய்ந்து வெயில் காயும். அப்போதும் புறாத்தீவுக்குப் படகு கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று எடுங்கள், கிடைக்காவிட்டால் மனம் கோணாதீர்கள். 2003இல் தேசிய பூங்காவாக்கிய இடம், எங்கேயும் ஓடிப்போகாது. மழைக்குப் பிறகு தண்ணீர் கலங்கியிருக்கும், நீச்சல் கண்ணாடி போட்டாலும் உங்கள் கைதான் தெரியும். எல்லோரும் மறுக்கும் நாளில் ஒருவர் மட்டும் "நான் கூட்டிப் போறன்" என்று விலை சொன்னால் அவரோடு போகாதீர்கள்.

குளிப்பதானால் கரையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஒரு துண்டு மட்டும் உடையாமல், கலங்கலாக, நுரை வெளியே போய்க்கொண்டிருந்தால் அதுதான் இழுவை. தெரியாதவர்கள் அமைதியான இடம் என்று நேரே அங்கேதான் இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் மிதந்து, கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்தால் வாருங்கள். ஒருவர் மாட்டினால் மற்றவர் பாய்ந்து இறங்கக் கூடாது. மிதக்கக்கூடியது எதையாவது எறியுங்கள். பெரிய வெற்றுத் தண்ணீர்ப் போத்தல் ஆனாலும் போதும். அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119, வெள்ளம், புயல் விசாரிக்க 117.

இருவராக இருப்பதில்

என்ன விளையாடுவது என்பதை இருவரில் பயம் கூடியவர் தீர்மானிக்கட்டும். நீச்சல் தெரிந்தவர் தெரியாதவரை "ஒன்றும் ஆகாது, வா" என்று கூப்பிடுவதில்தான் பயணங்கள் கெடுகின்றன. வாகனத்தையும் மாறி மாறி ஓட்டுங்கள். மழையில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஒருவரே ஓட்டினால் கண் தானாகச் சொருகும்.

குளிக்கும் கரையைத் தாண்டினால் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு. சாம்பல்தீவோ கிண்ணியாவோ மூதூரோ, எல்லாம் குடும்பங்கள் வாழும் ஊர்கள், விடுதிக் கரை இல்லை. இருட்டிய பிறகு ஆளில்லாத கரையில் இருவராகக் குந்தியிருக்காதீர்கள். கடற்படை, விமானப்படை வேலிகளைப் படம் எடுக்க வேண்டாம். ட்ரோனை வீட்டிலேயே வையுங்கள்.

சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதில்லை. மாரியில் கடல் மீன் குறைந்து விலை ஏறும். ஆனால் களப்பு நண்டும் இறாலும் இருக்கும், அதைக் கேளுங்கள். காலையில் பிட்டும் சொதியும், இரவில் கிண்ணியாக்காரர் கடையில் கொத்து. நனைந்து வந்த அன்று இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ இரண்டு.

திரும்பும் நாள்

மதியச் சாப்பாட்டுக்கு முன் வெளிக்கிடுங்கள். பின்னேரம் நாலரைக்குள் ஹபரணையையோ வவுனியாவையோ தாண்டிவிட்டால் யானைக் கவலை குறையும். முதல் நாள் இரவே அறிக்கையை இன்னொருமுறை பார்த்து, தாழமுக்கம் என்று வந்திருந்தால் கடைசி நாளை விட்டுவிட்டு விடியவே கிளம்புங்கள். அறைக்காரரிடம் ஓர் இரவுக் காசைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள், மாரியில் பலர் தருவார்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் வாகனத்தின் அடிப்பக்கத்தையும் மோட்டார் சைக்கிள் செயினையும் கழுவி, காய்ந்தபின் செயினுக்கு எண்ணெய் விடுங்கள். மறுநாளைக்கு என்று தள்ளினால் உப்பு வேலையைக் காட்டத் தொடங்கிவிடும்.